இருபது லிட்டர் தோங்

"நல்லதா நாலு விஷயம் எழுதிக் கொடுங்க சார், புதுசா வந்திருக்கிற டீச்சருங்க படிக்கட்டும்" என்று ஆசிரியர் மலர்க் குழுவிலிருந்து ஒரு தம்பி கேட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் கணிதம் போதித்தவனிடம் நாலு என்ன, நாற்பது நல்ல விஷயம் இருக்கும் என்று நினைத்திருப்பார். யோசித்துப் பார்த்தேன். நல்லதைச் சொல்ல உங்களுக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பட்டறைக்குப் பட்டறை மாலை போட்டு உட்கார வைத்துக் கேட்கிறீர்கள். நானும் அந்த மாலைகளைப் போட்டுக்கொண்டவன்தான். அதனால் இங்கே ஒரு கெட்ட விஷயத்தை எழுதுகிறேன்.

விகிதம், கலவைக் கணக்கு என்றால் கிள்ளான் முதல் சுங்கை பூலோ வரை என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறாம் ஆண்டு வகுப்பு இரண்டாகப் பிளவுபடுவது அந்தப் பாடத்தில்தான் என்பது உங்களுக்கு இன்னும் சில மாதங்களில் தெரியும். அதுவரை கூட்டல் கழித்தலில் ஓடி வந்த பிள்ளைகள், '1:4' என்று பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு நாலால் வகுப்பார்கள். ஒரு பங்கு சிராப் பாகு, நாலு பங்கு நீர் என்றால் மொத்தம் ஐந்து பங்கு என்பது அவர்கள் மண்டையில் ஏறாது. இந்த விடைக்கு நான் 'அவசரக்குடுக்கை விடை' என்று பெயர் வைத்திருந்தேன். "விடை வந்ததும் பேனாவைக் கீழே வைக்காதே, அந்த விடையைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிப் பார். நிறைகிறதா, குறைகிறதா, பொங்குகிறதா? பாத்திரம் பொய் சொல்லாது" என்பேன். எல்லாப் பட்டறையிலும் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதற்கு என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மதிப்பெண் போடும் அறைக்குள் நான் முதன்முதலில் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. அங்கே தலைமை வகித்தவர் பழுத்த ஆசிரியர், சுத்தமான வெள்ளைச் சட்டைக்காரர். விடையும் மதிப்பெண்ணும் குறித்த தாளை, அதுதான் நாம் ஸ்கீமா என்கிறோமே, அதைக் கையில் கொடுத்து "இதுதான் வேதம்" என்றார். பத்தாவது நிமிடத்தில் அந்த வேதத்தில் ஒரு தவறு கண்டேன். எழுந்து நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் தாளை வாங்கிப் பார்த்தார், திருத்தினார், அதுவரை முடிந்த தாள்களை எல்லாம் மறுபடி பார்க்கச் சொன்னார். அன்று எல்லோருக்கும் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான் கிடைத்தது.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே தேநீர் வாங்கிக் கொடுத்தார். "தம்பி, நீ கண்டுபிடிச்சது சரி. ஆனா எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சொன்ன பாரு, அதான் தப்பு. என் காதுல சொல்லியிருக்கலாம்லா" என்றார். அடுத்த இரண்டு ஆண்டுகள் அவர் என்னை மதிப்பெண் போடக் கூப்பிடவில்லை. எனக்குக் கிடைத்த தண்டனையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன். கோபத்திலும் அந்த மனிதர் ஸ்கீமாவைத் திருத்தினாரே, அதை மறந்துவிட்டேன். எதைக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதைக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பின் லட்சணம்.

இனி நான் சொல்ல வந்தது. அப்போது நானே அந்தத் தலைமை நாற்காலிக்கு வந்துவிட்டேன். ஓர் அறவாரியம், பெயர் வேண்டாம், வசதி இல்லாத ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து முதல் இருபது பேரைத் தேர்ந்தெடுக்கும். தங்குவிடுதி, நல்ல இடைநிலைப்பள்ளி, மாலையில் தனி வகுப்பு, ஐந்தாண்டுச் செலவும் அவர்களுடையது. கணிதத் தாளைத் தயாரிப்பவன் நான். ஸ்கீமாவும் நான்தான்.

ஒரு கேள்வி இப்படித் தொடங்கியது: சிராப்பும் நீரும் 1:4 என்ற விகிதத்தில் கலக்கப்படுகின்றன. 20 லிட்டர் நீருக்குத் தேவைப்படும் சிராப் எவ்வளவு? விடை ஐந்து லிட்டர். அச்சுக்குப் போகும் நாளில் படித்துப் பார்த்தேன், மிகச் சுலபமாகப் பட்டது. 'நீருக்கு' என்பதை அடித்துவிட்டு '20 லிட்டர் பானம் தயாரிக்க' என்று மாற்றினேன். இப்போது சரியான விடை நாலு லிட்டர். அவசரக்குடுக்கைகளைப் பிடிக்க நல்ல பொறி வைத்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். ஸ்கீமாவில் இருந்த ஐந்தை மாற்ற மறந்துவிட்டேன். பொறியில் விழுந்தவனுக்கு மூன்று மதிப்பெண், தப்பித்தவனுக்குப் பூஜ்யம் என்று ஆயிற்று.

மறதி எல்லோருக்கும் வரும். மறந்ததற்காக இந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்து மாடியில் சனிக்கிழமை காலை மதிப்பெண் போட உட்கார்ந்தோம். பதினைந்து ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக் சோறு. அறவாரியச் செயலாளர் காப்பி நிறைந்த பெரிய பீப்பாய், அதுதான் நம் தோங், அதன் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவரிடமெல்லாம், "சார் போட்ட பேப்பர்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. அடுத்த மாதம் என் பயிற்றுநூல் வெளியீடு. அதற்கும் அவர்தான் மண்டபம் பிடித்துக் கொடுத்திருந்தார்.

பதினொரு மணி இருக்கும். ஒரு புது ஆசிரியை ஒரு தாளோடு என் மேசைக்கு வந்தார். வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாதவர். குனிந்து மெதுவாக, என் காதில்தான் சொன்னார். நான் அந்த வயதில் செய்த பிழையை அவர் செய்யவில்லை.

"சார், இந்தப் புள்ள நாலுன்னு போட்டிருக்கு. ஸ்கீமால அஞ்சுன்னு இருக்கு. நான் ரெண்டு தடவ செஞ்சு பார்த்துட்டேன் சார், எனக்கும் நாலுதான் வருது."

தாளைப் பார்த்தேன். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் விடைக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு தோங் வரைந்திருந்தது. கலவைக் கணக்கு எதுவானாலும் தோங் வரைகிற பிள்ளை என் வகுப்பில் ஒருத்திதான். கஸ்தூரி என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயரல்ல. கம்போங் மேடான் அடுக்குமாடி வீட்டுப் பிள்ளை. அப்பா லோரி வேலையில் முதுகு போய்ப் படுத்துவிட்டார். அம்மா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சிராப் தண்ணி விற்று நான்கு பிள்ளைகளை வளர்த்தார். தோங்கின் வயிற்றில் ஒரு கோடு போட்டு '4 + 16 = 20' என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சின்ன எழுத்தில்: '5 போட்டா 20 தண்ணி வேணும். 25 ஆயிடும். தோங் பொங்கிடும்.'

பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. நான் மாற்றிய ஒரு சொல், மாற்ற மறந்த ஒரு எண். அந்தப் பக்கத்துக் கேள்விகள் பாதித் தாள்களுக்குமேல் முடிந்துவிட்டன. நிறுத்தினால் இரண்டு மணி நேர வேலை. செயலாளர் காப்பிக் குவளையோடு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். யோசிக்க எனக்கு நேரமில்லை என்று பல ஆண்டுகள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். நேரம் இருந்தது. எழுந்து, "மன்னிச்சிக்குங்க, ஸ்கீமாவுல என் தப்பு ஒண்ணு இருக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நான் சொன்னது இது: "கேள்வியை நல்லா படிங்க டீச்சர். ஸ்கீமா எல்லாம் பார்த்தாச்சு."

"படிச்சேன் சார். இருபது லிட்டர் பானம்னு..."

"எத்தனை வருஷமா மார்க் போடுறீங்க?"

"இதான் முதல் தடவ சார்."

"அப்ப ஸ்கீமாபடி போடுங்க."

அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். சிவப்புப் பேனா கொஞ்ச நேரம் தாளுக்கு மேலேயே நின்றது. பிறகு அடித்தார். நான் நாசி லெமாக்கைப் பிரித்தேன், ஆனால் சாப்பிட முடியவில்லை. நான் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எழுந்து நின்று பாவ அறிக்கை சொல்லும் சபைக்காரன். மறுநாளும் போய்ச் சொன்னேன். பொதுவான பாவங்களை எல்லோரோடும் சேர்ந்து சொல்வது எவ்வளவு சுகமானது என்று அன்றுதான் கவனித்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் பிள்ளைகள் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். வெண்பலகையில் செய்து காட்டினேன். ஒன்று கூட்டல் நாலு, ஐந்து பங்கு. இருபதை ஐந்தால் வகுத்தால் நாலு. சரியாகத்தான் போட்டேன். மண்டபத்தில் ஒரு கணக்கு, வகுப்பில் ஒரு கணக்கு.

கஸ்தூரி எழுந்தாள். "சார், நான் நாலுதான் போட்டேன். நீங்க சொன்ன மாதிரி விடைய திரும்பத் தோங்குல ஊத்திப் பார்த்தேன். கரெக்டா நின்னுச்சு சார். அப்ப எனக்கு மூணு மார்க்கும் கெடைக்கும்தானே?"

"விடை சரிதான்" என்றேன். அவள் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அவள் பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்து அமுக்கிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அந்த வாரமே பட்டியல் வந்தது. கஸ்தூரி இருபத்திரண்டாவது. இருபதாவது இடத்துக்கு அவளுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. அவளை விட்டால் எங்கள் பள்ளியில் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வரக்கூடியவர்கள் யாருமில்லை. நான் ஆசிரியர் அறைக்கு வெளியே போய்ச் செயலாளருக்குத் தொலைபேசி அடித்தேன். சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் அடித்தேன், இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. மணி அடிக்கும்போதுகூட வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார் உற்சாகமாக.

"பட்டியல் கெடைச்சது. ரொம்ப சிறப்பா செஞ்சிருக்கீங்க" என்றேன்.

"எல்லாம் உங்க பேப்பர்தான் சார்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எல்லோரும் நம்மை நம்பினால் சோறுகூடத் தேவையில்லை.

பள்ளியின் கடைசி நாளில் கஸ்தூரியின் அம்மா வந்தார். பிளாஸ்டிக் பையில் கட்டிய சிராப் தண்ணியை என் மேசையில் வைத்தார். ஐஸ் போட்டிருந்ததால் பையெல்லாம் வியர்த்திருந்தது. நன்றி சொன்னார். போகாமல் நின்றார். பிறகு, "எங்ககிட்ட ஏதாச்சும் சொல்லணுமா சார்?" என்று கேட்டார்.

பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். "நல்லா படிக்கச் சொல்லுங்கம்மா, கெட்டிக்காரப் புள்ள" என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க சார்" என்று போய்விட்டார். அந்தச் சிராப்பை நான் குடித்தேன். அளவாக இருந்தது.

அந்தப் புது ஆசிரியை அடுத்த ஆண்டு மதிப்பெண் போட வரவில்லை. நான் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. என்னை இரண்டு ஆண்டு ஒதுக்கி வைத்தவரையே மிஞ்சிவிட்டேன், நான் அவரைக் கடைசிவரை கூப்பிடவில்லை.

போன ஆண்டு வீட்டுக் கேட்டுக்குப் பெயிண்டு வாங்கக் கிள்ளானில் ஒரு கடைக்குப் போனேன். கலவை இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "சார்! கணக்கு சார்தானே?" என்றாள். குரலில் கண்டுபிடித்தேன். கஸ்தூரி. இருபத்திரண்டு வயதிருக்கும். கைவிரல்களில் சாம்பல் நிறப் பெயிண்டு. படிவம் மூன்றோடு, பதினைந்து வயதிலேயே, படிப்பு நின்றுவிட்டதாம். வீட்டுக்குப் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் மாலை வகுப்புக்கு ஆளில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அப்படியே நின்றுவிட்டது என்றாள். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை.

"ஸ்ப்ரே அடிக்கப் போறீங்களா, பிரஷ்ஷா?"

"ஸ்ப்ரேதான் அடிக்கணும்னு ஆளு சொன்னான்."

"அப்ப ஒண்ணுக்கு நாலு. நானே தின்னர் கலந்து தரேன் சார். ஆளுங்க கையில விட்டா தின்னர அதிகமா ஊத்திடுவாங்க, அப்பறம் வழியும்."

அவள் ஐந்து லிட்டர் காலி டின் ஒன்றை எடுத்து, அளவுக் குவளையால் ஒரு லிட்டர் தின்னரும் நாலு லிட்டர் பெயிண்டும் ஊற்றினாள். டின்னின் விளிம்புவரை வந்து நின்றது.

"கஸ்தூரி, அந்தப் பரீட்சையில ஒரு சிராப் கணக்கு..."

"தெரியும் சார்."

கலக்குவதை அவள் நிறுத்தவில்லை. பட்டியல் வந்த மறுவாரம் அந்தப் புது ஆசிரியை தாளிலிருந்த எண்ணை வைத்து எங்கள் பள்ளியில் விசாரித்து, அவர்கள் வீட்டுக்கே போயிருக்கிறார். ஸ்கீமாவில் தவறு இருந்தது, உங்கள் மகள் எழுதியதுதான் சரி என்று அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

"அப்ப ஏன் யாருகிட்டயும் கேக்கல?"

"அம்மா விடல சார். வாத்தியார் தப்பு பண்ணிட்டாருன்னு நாம போய் ஊரெல்லாம் சொல்லலாமா, சாருக்குத் தெரிஞ்சா அவரே வந்து சொல்லுவாருன்னாங்க. கடைசி நாளு வந்து உங்ககிட்ட கேட்டாங்கல்ல, ஏதாச்சும் சொல்லணுமான்னு. வீட்டுக்கு வந்து, 'பாவம், சாருக்குத் தெரியவே தெரியாதுடி, தெரிஞ்சா அந்த மனுஷன் தாங்க மாட்டாரு'ன்னு சொன்னாங்க."

நான் மேசையிலிருந்த நிற அட்டையை எடுத்துப் புரட்டினேன்.

"ஆனா அந்த டீச்சர லிஃப்ட் வரைக்கும் நான்தான் கொண்டு போய் விட்டேன். உங்ககிட்ட காட்டினத என்கிட்ட மட்டும் சொன்னாங்க. நீங்க பார்த்தீங்களாம். தோங்கையும் பார்த்தீங்களாம்." மூடியை வைத்து ரப்பர் சுத்தியால் நாலு பக்கமும் தட்டினாள். "ஹாஸ்டலுக்குப் போயிருந்தா நான் பெரிய ஆளாயிருப்பேன்னு சொல்ல மாட்டேன் சார். யாருக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு கிளாஸ்ல நீங்க 'விடை சரிதான்'னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் என்னால மறக்க முடியல."

"நான் இப்பவே வந்து அம்மாகிட்ட சொல்லிடுறேன்மா. எங்க இருக்காங்க?"

அப்போதுதான் அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். "வேணாம் சார். பாசார் மாலாம்ல இன்னிக்கும் யாராச்சும் உங்க பேரச் சொன்னா, 'தங்கமான வாத்தியாரு'ன்னு பெருமையா பேசுறாங்க. எனக்குப் போனது போயிடுச்சு. அவங்ககிட்ட இருக்கிறதையும் எடுத்துடாதீங்க."

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஸ்கீமாவில் தவறு கண்டால் சொல்லுங்கள். முதலில் காதில் சொல்லுங்கள், அது மரியாதை. காது கேட்கவில்லை என்றால் எழுந்து நின்று சொல்லுங்கள். இரண்டு ஆண்டு ஒதுக்கி வைப்பார்கள், ஒன்றும் ஆகாது, நான் சாகவில்லை. தவறு உங்களுடையது என்றால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். அப்போது சொன்னால் ஒரு மதியச் சாப்பாடுதான் தாமதமாகும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், சொல்லவே கூடாது என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கும் நிலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்.

இந்தக் கட்டுரையில் என் பெயரைப் போட வேண்டாம் என்று மலர்க் குழுத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். அது கஸ்தூரி கேட்டதற்காக. இதுவும் இன்னொரு சப்பைக்கட்டு என்று உங்களில் யாராவது நினைத்தால், நான் மறுக்க மாட்டேன்.

டின்னைக் காரில் ஏற்றி வைத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். வாரக் கடைசியில் ஆள் வந்து கேட்டுக்கு அடித்தான். எங்கும் வழியவில்லை, சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. "யாரு சார் கலந்தது, அளவு அப்படியே இருக்கே?" என்று கேட்டான். என்னிடம் படித்த பிள்ளை என்று வாய்வரை வந்தது. கடையில் கலந்து கொடுத்தார்கள் என்று சொன்னேன்.